விறகும் செங்கல்லும்: புற்றுக்கலத்தின் சுவாசம் பற்றிய நூறாண்டு வாதம்

வைத்தியசாலையிலிருந்து புற்றுநோய் என்ற சொல்லைச் சுமந்துகொண்டு ஒருவர் வீடு திரும்பியதும், பல வீடுகளிலே முதலில் ஒளித்துவைக்கப்படுவது சீனிப் போத்தல். ‘சீனியே புற்றின் உணவு, அதனை நிறுத்தினாற் புற்றுப் பட்டினியால் மடியும், இதனை ஜேர்மானிய அறிஞர் ஒருவர் எப்போதோ கண்டுபிடித்து நோபல் பரிசும் பெற்றார், மருந்துக் கம்பனிகள் அதனை மூடி மறைத்துவிட்டன’ என்னும் செய்தி கைத்தொலைபேசிகள் வழியே ஊரெங்கும் உலவுகின்றது. படித்தவர்களும் இதனைப் பரப்புவதிற் பின்நிற்பதில்லை. மருந்துக் கம்பனிகளின் இலாப வேட்கை பற்றி நமக்கு எவ்வித மயக்கமும் இல்லை. ஆயினும் ஒரு நிறுவனம் தீயது என்பதனால் அதற்கெதிராகச் சொல்லப்படும் யாவும் உண்மையாகிவிடமாட்டா. இச்செய்தியிலே உண்மை ஒன்று உண்டு. அவ்வுண்மையின் முதுகிலேறிப் பொய்கள் சிலவும் வருகின்றன. இவற்றைப் பிரித்தறிவதற்கு, அவ்வறிஞரின் ஆய்வு பிறந்த இடத்துக்கும் காலத்துக்கும் நாம் சென்று வருதல் வேண்டும்.

அவர் பெயர் ஒட்டோ வார்பேர்க். 1883ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் பிறைபேர்க் நகரிற் பிறந்தவர். தந்தையார் எமில் வார்பேர்க் பெயர்பெற்ற பௌதிகப் பேராசிரியர். யூதக் குடும்பத்திற் பிறந்து கிறித்தவரானவர். மகன் பேர்லினிலே எமில் பிஷரிடம் இரசாயனம் பயின்று 1906இலும், ஹைடல்பேர்க்கிலே மருத்துவம் பயின்று 1911இலும் பட்டம் பெற்றார். இடையே 1908ஆம் ஆண்டில், நேப்பிள்ஸ் நகரக் கடலாய்வு நிலையத்திலே கடல் முள்ளெலியின் முட்டைகளை ஆராய்ந்தார். கருக்கட்டிய முட்டை, கருக்கட்டாத முட்டையைப் பார்க்கிலும் ஆறு மடங்குவரை கூடுதலான ஒட்சிசனை உள்ளெடுத்தமை கண்டார். வளரத் தொடங்கும் உயிர் மிகுதியாக மூச்சு விடுகின்றது என்பது இதிலிருந்து அவர் மனத்திற் பதிந்த எண்ணம். வேகமாக வளரும் கட்டியும் அவ்வாறே செய்யும் என்று அவர் எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

இடையே முதலாம் உலகப்போர் வந்தது. குதிரைப் படையிற் சேர்ந்து போர்முனையில் நின்ற அவரை ஆய்வுகூடத்துக்குத் திரும்புமாறு வேண்டி 1918இற் கடிதம் எழுதியவர் ஐன்ஸ்டைன். திரும்பிய வார்பேர்க், பேர்லினின் டாலம் பகுதியிலிருந்த கைசர் வில்லெம் ஆய்வு நிலையத்திலே புற்றுக்கட்டியை எடுத்துக்கொண்டார்.

அவருடைய கருவியைச் சற்று விரித்துக் கூறவேண்டும். ஏனெனில் இவ்வரலாற்றின் அச்சாணி அதுவே. அரை மில்லிமீற்றருக்கும் மெல்லியதாகச் சீவிய இழையத் துண்டொன்று, சீனியும் உப்புகளும் கலந்த நீர் கொண்ட சிறு கண்ணாடிக் குமிழினுள் இடப்படும். குமிழோடு வளைந்த குழாய் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனுள் நிற்கும் திரவத்தின் மட்டமே அளவு. உடற்சூட்டிலுள்ள நீர்த்தொட்டியிலே குமிழ் ஓயாது குலுங்கிக்கொண்டிருக்கும். இழையம் ஒட்சிசனை எடுத்தால் மட்டம் ஒரு பக்கம் நகரும். அமிலத்தை வெளிவிட்டால், அவ்வமிலம் நீரிலுள்ள இருகாபனேற்றோடு தாக்கிக் காபனீரொட்சைட்டைக் கிளப்ப, மட்டம் மறுபக்கம் நகரும். சீவல் தடித்தால் உள்ளே ஒட்சிசன் புகாது. மிக மெலிந்தாற் கலங்கள் சிதையும். இத்தகைய வேலைக்கு வார்பேர்க் பட்டதாரிகளைவிடக் கைத்தொழிலறிந்தவர்களையே விரும்பினார். எர்வின் நேகலைன் முதலான அவருடைய உதவியாளர் சிலர், சீமென்ஸ் தொழிலகத்திலே கருவி செய்யப் பயின்றவர்கள். விஞ்ஞான வரலாறுகளிற் பேராசிரியர் பெயர் முன்னே நிற்க, கண்ணாடியையும் திருகாணியையும் கையாண்டவர் பெயர் பெரும்பாலும் மறைந்துபோகும். 1924ஆம் ஆண்டுக் கட்டுரையிலே வார்பேர்க்கோடும் போசெனரோடும் நேகலைனின் பெயரும் சேர்ந்து நிற்பதை நாம் மகிழ்ச்சியோடு குறிப்பிடலாம்.

எலியின் கட்டியிலிருந்து சீவிய துண்டு, எதிர்பார்த்தவாறு ஒட்சிசனை மிகுதியாக உள்ளெடுக்கவில்லை. அதற்குப் பதிலாக அது செய்த காரியம் விசித்திரமானது. குமிழிலே ஒட்சிசன் தாராளமாக இருந்தும், சீனியை முற்றாக எரிக்காது அரைகுறையாகச் சிதைத்து இலற்றிக்கமிலமாக வெளியே கொட்டியது. தயிரைப் புளிக்கவைப்பது இவ்வமிலமே. காற்றில்லாத இடத்தில் உயிர்கள் சீனியை இவ்வாறு நொதிக்கச் செய்வது புதிய செய்தியன்று. வேகமாக ஓடுபவனின் தசையும் அதனைச் செய்யும். ஆனால் காற்றுள்ள இடத்தில் நொதித்தல் அடங்கிவிடும் என்பதனை, மதுவத்தை ஆராய்ந்த பாஸ்டர் 1861ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தார். அடங்க வேண்டிய இடத்தில் அடங்காமையே புற்றிழையத்தின் புதுமை.

கண்ணாடிக் குமிழில் நிகழ்வது உயிருள்ள உடலிலும் நிகழுமா என்ற ஐயம் நியாயமானதே. அமெரிக்காவின் பபலோ நகரிலே பணிபுரிந்த கார்ல் கோரி, கேர்ட்டி கோரி என்னும் இணையர் 1925இல் இதற்கு விடை கண்டனர். பிராக் நகரிற் பிறந்து, போருக்குப் பிந்திய ஐரோப்பாவின் வறுமையிலிருந்து வெளியேறியவர்கள் இவர்கள். ஒரு சிறகிலே கட்டியும் மறு சிறகிலே ஒன்றும் இல்லாத கோழியின் இரு பக்கக் குருதியையும் ஒப்பிட்டனர். கட்டியினூடாக வந்த குருதியிற் சீனி குறைந்தும் இலற்றிக்கமிலம் கூடியும் இருந்தன. ஆகவே நிகழ்ச்சி உண்மை. வேறொரு கண்டுபிடிப்புக்காக 1947இலே நோபல் பரிசு பெற்றபோது, மருத்துவத்துறையில் அதனைப் பெற்ற முதற் பெண் கேர்ட்டி கோரியே.

நிகழ்ச்சி ஒன்று, அதற்குக் கூறும் காரணம் வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டியதே வார்பேர்க்கின் பிழை. கலத்தின் சுவாசம் மீளமுடியாதவாறு பழுதடைகின்றது. உயிர்பிழைக்கும் பொருட்டு அது நொதித்தலைப் பற்றிக்கொள்கின்றது. அதனால் தன் தொழிலை மறந்து வெறுமனே பெருகும் கீழான நிலைக்கு இறங்குகின்றது. அதுவே புற்று என்று அவர் வாதித்தார். கேட்போரைக் கவரும் எளிமை இதற்கு உண்டு. ஆனால் அவருடைய சொந்த அளவீடுகளே இதற்கு முழு ஆதரவளிக்கவில்லை. கட்டிகள் பலவற்றின் சுவாசம் குறைந்திருக்கவேயில்லை. கண்ணின் விழித்திரையோ, புற்றின் சாயலே இல்லாதது. அதுவும் ஒட்சிசனுக்கு நடுவே இலற்றிக்கமிலத்தைக் கொட்டியது. எடுக்கும்போது விழித்திரை பழுதடைந்திருக்கும் என்று சொல்லி அவர் அதனை ஒதுக்கினார். கோட்பாட்டுக்கு ஒவ்வாத செய்தியைக் கருவியின் மேலோ பொருளின் மேலோ சுமத்துவது அறிஞருலகின் பழைய பழக்கம். நமது இலக்கிய ஆராய்ச்சியிலும் அதற்கு எடுத்துக்காட்டுகள் தேடி அலையவேண்டியதில்லை.

1931ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இது புற்றுக்காகக் கிடைத்ததன்று. கலத்திலே ஒட்சிசனைக் கையாளும் சுவாச நொதியத்தின் இயல்பையும் தொழிற்பாட்டையும் கண்டமைக்காகக் கிடைத்தது. கைத்தொலைபேசிச் செய்தியின் முதற் பொய் இங்கே உதிர்கின்றது. அதே ஆண்டில், அமெரிக்காவின் றொக்பெல்லர் அறநிலையம் அளித்த பணத்தாற் கட்டிய புதிய கலவுடற்றொழில் நிலையமும் அவருடையதாயிற்று. எண்ணெய் முதலாளியின் செல்வம் ஜேர்மானிய விஞ்ஞானத்துக்கு மாளிகை எழுப்பியது. இரண்டாண்டுகளில் நாசிகள் அந்நாட்டைக் கைப்பற்றினர்.

1933 சித்திரையில் யூத இனத்தவரை அரசப் பதவிகளிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. வார்பேர்க்கிடம் நான்காண்டுகள் குமிழ் குலுக்கப் பயின்ற ஹான்ஸ் கிரெப்ஸ், பிறைபேர்க் வைத்தியசாலையிலிருந்து விலக்கப்பட்டு இங்கிலாந்துக்குச் சென்றார். தம் ஆசானின் சீவல் முறையையும் அழுத்தமானியையும் அவர் உடன்கொண்டு சென்றார் எனலாம். 1937இல் ஷெபீல்டிலே, புறாவின் மார்புத்தசையை ஆராய்ந்து, உணவு முற்றாக எரியும் வட்டப் பாதையை அவர் கண்டறிந்தது அம்முறையினாலேயே. சீனி சிதையும் படிகளை விளக்கிய ஒட்டோ மேயர்கோவ் 1938இல் நாட்டைவிட்டோடி, பாரிஸ் வீழ்ந்தபின் மேலும் ஓடி, பிலடெல்பியாவை அடைந்தார். அவரோடு சேர்த்து எண்ணப்படும் யாக்கூப் பர்னாஸ் சோவியத் நாட்டிலே மதிப்புடன் வாழ்ந்து, 1949 தை மாதத்திலே கைதாகி மாஸ்கோச் சிறையில் இறந்தார். முற்போக்காளர் என்று கூறிக்கொள்ளும் நாம் முதலிருவரின் துன்பத்தைச் சொல்லி மூன்றாமவரின் முடிவை மறைத்தல் நேர்மையன்று.

வார்பேர்க் மட்டும் டாலத்திலேயே இருந்தார். நாசிகளின் கணக்கிலே அவர் அரை யூதர். போர்ச்சேவையும் உலகப் புகழும் சிலகாலம் காத்தன. 1941இற் பதவி நீக்கப்பட்டார். சில வாரங்களில், புற்றுநோய் ஆராய்ச்சியைத் தொடர்வதற்காக மீண்டும் அனுமதிக்கப்பட்டார். தாயைப் புற்றுக்குப் பறிகொடுத்த ஹிட்லர் அந்நோய்க்கு அஞ்சியமையே காரணம் என்று கூறுவோர் உளர். காரணம் எதுவாயினும், இலட்சக்கணக்கான மக்களைக் கொன்றொழித்த ஆட்சி, ஒருவரை அவருடைய ஆய்வின் பயன் கருதி விட்டுவைத்தது. அவரும் தம் ஆய்வுகூடத்தை விட்டு நீங்க மனங்கொள்ளவில்லை. அவருடைய மேதையை மதிக்கும் நாம் இதனை அவருடைய பெருமைக் கணக்கில் எழுதமாட்டோம்.

போருக்குப் பின் விஞ்ஞான உலகு மாறியிருந்தது. கதிர்த்தொழிற்பாடுள்ள காபன் கிடைத்ததால், ஒரு சீனி மூலக்கூறு கலத்தினுள் எங்கெங்கே செல்கின்றது என்பதைப் பின்தொடர முடிந்தது. சிட்னி வைன்ஹவுஸ் கட்டிக்கலங்கள் சீனியையும் கொழுப்பையும் நன்றாகவே எரிப்பதைக் காட்டினார். பிரிட்டன் சான்ஸ், ஒளியை அளக்கும் நுண்முறையாற் புற்றுக்கலத்தின் சுவாசப் பொருள்கள் பழுதின்றி இயங்குவதைக் கண்டார். 1956இலே வார்பேர்க் தம் கோட்பாட்டை மீண்டும் வலியுறுத்தி எழுத, வைன்ஹவுஸ் அதே ஏட்டில் அதனை மறுத்தார். வார்பேர்க் அசையவில்லை. 1966இலே நோபல் அறிஞர்கள் கூடும் லிண்டாவு நகரிலே, புற்றின் முதற்காரணம் சுவாசத்தின் இடத்தை நொதித்தல் பிடிப்பதே என்று மறுபடியும் முழங்கினார். அதே ஆண்டிலே, கோழிக்குப் புற்று உண்டாக்கும் வைரசை 1911இற் கண்ட பெய்ட்டன் றவுஸ், ஐம்பத்தைந்து ஆண்டு காத்திருந்து நோபல் பரிசு பெற்றார். காற்று எத்திசையில் வீசிற்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. 1970இலே வார்பேர்க் இறந்தபோது, இளைய ஆராய்ச்சியாளர் அனைவரும் பரம்பரையலகுகளை நோக்கிச் சென்றுவிட்டனர்.

காற்றுள்ள இடத்தும் நொதிக்கும் புற்றின் இயல்புக்கு ‘வார்பேர்க் விளைவு’ என்று 1972இற் பெயரிட்டவர் எப்றேம் றாக்கர். வியன்னாவிலே கற்று, நாசிகளுக்குத் தப்பி அமெரிக்கா சேர்ந்தவர். இவருடைய ஆய்வுகூடத்திலே 1981இல் நிகழ்ந்தது ஒரு நாடகம். கைத்திறன் மிக்க இளம் மாணவர் ஒருவர், புற்றுவைரசின் பரம்பரையலகிலிருந்து நொதித்தல்வரை செல்லும் முழுச் சங்கிலியையும் கண்டுவிட்டதாகக் காட்டினார். அறிஞர் உலகு வியந்தது. பக்கத்து ஆய்வாளர் ஒருவர் கதிர் அளக்கும் கருவியை எடுத்துச் சோதித்தார். பொசுபரசு இருக்கவேண்டிய இடத்திலே இருந்தது கதிருள்ள அயடீன். முடிவுகள் புனையப்பட்டவை. றாக்கர் தாமே பகிரங்கமாக அவற்றை மீளப்பெற்றார். கொடுமை யாதெனில், அம்மாணவர் புனைந்த கதையின் போக்கு முற்றிலும் தவறானதன்று. பரம்பரையலகுக்கும் சீனிக்கும் இடையே தொடர்பு உண்டு என்ற செய்தி பின்னர் நேர்மையான வழியிலே கண்டறியப்பட்டது. பொய்யாகச் சொல்லப்பட்டதால் ஓர் உண்மை சில ஆண்டுகள் தீண்டாப் பொருளாயிற்று.

1987இலே புற்றூக்கும் பரம்பரையலகுகள் கலத்தின் சீனி வாயில்களைப் பெருக்குவது காட்டப்பட்டது. 1997இல், பல புற்றுகளிலே கட்டுமீறி ஒலிக்கும் ‘மைக்’ என்னும் பரம்பரையலகு, இலற்றிக்கமிலத்தை ஆக்கும் நொதியத்தை நேரடியாகவே முடுக்குவது தெரிந்தது. ஒட்சிசன் குறையும்போது கலம் அதனை உணர்ந்து நொதித்தலுக்குத் திரும்பும் முறையை விளக்கிய மூவர் 2019இல் நோபல் பரிசு பெற்றனர். சிறுநீரகப் புற்றுச் சிலவற்றிலே அவ்வுணர்கருவி பழுதாகி, ஒட்சிசன் நிறைந்திருக்கும்போதும் ‘இல்லை, இல்லை’ என்று கூவுகின்றது. ஆகவே வார்பேர்க் தலைகீழாகப் பார்த்தார் எனலாம். சுவாசம் பழுதடைந்ததாற் கலம் புற்றாகவில்லை. வளர் என்னும் கட்டளை ஓயாது ஒலிப்பதாற் கலத்தின் வரவுசெலவு முழுவதும், அனுசேபம் என்று பாடநூல்கள் கூறுவது, மாறிவிடுகின்றது.

ஏன் இவ்வாறு மாறவேண்டும்? ஒரு குளுக்கோசு மூலக்கூறு முற்றாக எரிந்தால், கலத்தின் சக்தி நாணயமாகிய அடினோசின் முப்பொசுபேற்று ஏறத்தாழ முப்பது கிடைக்கும். நொதித்தால் இரண்டே கிடைக்கும். இத்துணை விரயத்தைப் பேராசை கொண்ட புற்று எவ்வாறு பொறுக்கின்றது? வான்டர் ஹைடன், கான்ற்லி, தொம்சன் ஆகிய மூவர் 2009இல் எழுதிய கட்டுரை, கேள்வியையே மாற்றியது. சீனியை நாம் விறகாக மட்டுமே எண்ணியிருந்தோம். பெருகும் கலத்துக்கு அது கட்டடப் பொருளுமாகும். ஒரு கலம் இரண்டாவதற்குப் புரதம், கொழுப்பு, பரம்பரைப் பொருள் யாவும் இரட்டிக்க வேண்டும். மரம் முழுவதையும் அடுப்பில் எரித்துச் சாம்பலாக்கியவனுக்கு வீடு கட்ட வளைமரம் எங்கிருந்து வரும்? கிருமியை எதிர்த்துத் திடீரெனப் பெருகும் வெண்குருதிக்கலங்களும் இதே முறையைக் கைக்கொள்கின்றன. வார்பேர்க் ஒதுக்கிய விழித்திரையும், ஒளியை உணரும் தன் பகுதிகளை நாள்தோறும் புதுப்பித்துக்கொண்டேயிருப்பது. புற்றுக்கலம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வளர்ச்சிக்கென உடல் வைத்திருந்த பழைய ஏற்பாட்டைத் திருடிக்கொண்டது.

இவ்விளக்கமும் முழுமையானதன்று. வெளியே கொட்டப்படும் இலற்றிக்கமிலத்தின் காபன் கட்டடத்துக்கு உதவுவதில்லை அன்றோ? கலத்தின் பருமனிற் பெரும்பகுதி அமினோவமிலங்களிலிருந்து வருவதை 2016ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. சக்தியைவிட, ஒட்சியேற்றத்துக்குத் துணைநிற்கும் ஒரு சிறு மூலக்கூறு விரைவாகத் தீர்ந்துபோவதால், அதனை மீட்கவே கலம் நொதிக்கின்றது என்பது 2021இல் முன்வைக்கப்பட்ட கருத்து. சுவாசமும் வீணானதன்று. 2015இல் அமெரிக்காவின் மசச்சூசெற்சிலே இரு குழுவினர், பெருகும் கலங்களுக்குச் சுவாசத்தின் முதன்மையான பயன்களுள் ஒன்று அஸ்பாற்றிக்கமிலம் என்னும் கட்டடப் பொருளை ஆக்குவதே என்று காட்டினர். வார்பேர்க் செத்துவிட்டதெனக் கூறிய சுவாசமும் செங்கல் சுட்டுக்கொண்டிருக்கின்றது.

செங்கல்லைத் தடுத்தாற் புற்று நிற்குமா? இக்கேள்விக்கு, கேள்வி எழுமுன்பே விடை தந்தவர் ஒருவர் உண்டு. அவர் நமது அயலவர். ஆந்திரத்தின் பீமவரத்திலே 1895இற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், 1923இல் அமெரிக்கா சென்றார். கல்லூரியிலே கதராடை அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்காளாகி முழுப் பட்டத்தை இழந்தார் என்பர். ஹாவார்ட் சர்வகலாசாலையிலே பிஸ்கேயோடு பணிபுரிந்து, மேலே நாம் கூறிய சக்தி நாணயத்தை 1929இலே தசையிலிருந்து பிரித்தெடுத்தார். அதே ஆண்டில் ஜேர்மனியிலே மேயர்கோவின் கூடத்திலிருந்த லோமனும் அதனைக் கண்டார். பாடநூல்களில் லோமன் நிற்கின்றார், சுப்பாராவைத் தேடவேண்டியுள்ளது. ஹாவார்டில் நிலையான பதவி கிடைக்காது 1940இலே லெடர்லி மருந்தாய்வகத்துக்குச் சென்றார். அங்கே அவருடைய குழு போலிக்கமிலத்தைத் தொகுத்தது. பின்னர் அதன் வடிவைச் சிறிது மாற்றி, கலத்தை ஏமாற்றும் போலிப் பொருளையும் ஆக்கியது. பரம்பரைப் பொருளைக் கட்டுவதற்குப் போலிக்கமிலம் இன்றியமையாதது. பொஸ்டன் நகர வைத்தியர் சிட்னி பாபர் அப்போலியை, வெண்குருதிப் புற்றால் இறந்துகொண்டிருந்த பதினாறு பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பத்துப் பேரில் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. 1948இல் அச்செய்தி வெளியாயிற்று. அதே ஆண்டிலே சுப்பாராவ் ஐம்பத்து மூன்று வயதில் இறந்தார். அவ்வழியில் வந்த மெதோற்றிரெக்சேற்று நம் வைத்தியசாலைகளில் இன்றும் வழங்கப்படுகின்றது. வார்பேர்க் விறகைப் பற்றி உரத்துப் பேசிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே, செங்கல்லைத் தடுக்கும் மருந்து அமைதியாக வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

இனி, வார்பேர்க்குக்குச் சேரவேண்டிய பங்கையும் கொடுத்துவிடுவோம். அனுசேபப் பழுது ஒன்று தானே புற்றைத் தோற்றுவிக்குமா என்ற கேள்விக்கு, சில புற்றுகளில் ‘ஆம்’ என்பதே விடை. சுவாச வட்டத்தின் நொதியம் ஒன்றின் பரம்பரைப் பழுது ஒருவகைக் கட்டியை உண்டாக்குவது 2000இலே தெரிந்தது. 2008இல் மூளைக்கட்டிகளிலே ஐசோசித்திரேற்றைக் கையாளும் நொதியத்தின் மாற்றம் காணப்பட்டது. மாறிய நொதியம் சும்மா இருப்பதில்லை; இயல்பாகக் கலத்தில் மிகச் சிறிதளவே காணப்படும் ஒரு பொருளை ஏராளமாக ஆக்குகின்றது. அப்பொருள் பரம்பரையலகுகளின் மேலுள்ள குறிகளைக் கலைத்து, கலத்தை முதிரவிடாது தடுக்கின்றது. வார்பேர்க் கூறியதுபோற் சக்திப் பஞ்சத்தால் அன்று. இந்நொதியங்களைத் தடுக்கும் மருந்துகள் வெண்குருதிப் புற்றுக்கு 2017இலும் 2018இலும், மூளைக்கட்டிக்கு 2024இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவற்றின் விலையை எண்ணும்போது, நமது பொது வைத்தியசாலையின் வரிசையில் நிற்பவனுக்கும் அவற்றுக்கும் இடையே உள்ள தூரம் பேர்லினுக்குள்ள தூரத்தினும் பெரிது.

வார்பேர்க்கின் குமிழிலிருந்து நேராக வந்த பயன் மருந்தன்று, ஒரு கருவி. சீனியின் வடிவிலே சிறு மாற்றம் செய்து, கதிர்த்தொழிற்பாடுள்ள புளோரினை அதில் இணைத்து, 1976இலே பிலடெல்பியாவில் முதன்முறையாக மனிதருக்கு ஏற்றினர். கலம் அதனைச் சீனியென்று நம்பி உள்ளெடுக்கும். ஆனால் மேலே சிதைக்க முடியாது சிக்கிக்கொள்ளும். சிக்கிய இடம் படத்திலே ஒளிரும். புற்று எங்கெல்லாம் பரவியுள்ளது என்பதை வைத்தியர் இதனாற் காண்கின்றனர். பெற் பரிசோதனை என்பது இதுவே. மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு இக்கருவியை வாங்குவதற்காக, 2016ஆம் ஆண்டளவிலே இனமத பேதமின்றி நம் நாட்டு மக்கள் பணம் சேர்த்தமையை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அரசு செய்யவேண்டியதை மக்கள் செய்தமை பெருமையா, அரசின் இழுக்கா என்பது வேறு விவாதம்.

படத்திலே புற்று மட்டும் ஒளிர்வதில்லை. மூளை ஒளிரும், இதயம் ஒளிரும், காசநோய்ப் புண்ணும் ஒளிரும். சில புற்றுகள் ஒளிர்வதேயில்லை. சீனியை விரும்புவது புற்றுக்கு மட்டுமுரிய குற்றமன்று. தேநீரிற் சீனியை நிறுத்தியவனின் குருதியிலும் சீனி நிற்காது. ஒருவர் பட்டினி கிடந்தாலும், ஈரல் தசைப்புரதத்தைச் சிதைத்துச் சீனி ஆக்கி, குருதியின் அளவை ஏறக்குறைய நிலையாக வைத்திருக்கும். புற்றுக்கலமோ சீனி குறைந்தால் அமினோவமிலத்தையும் கொழுப்பையும் பிறர் கொட்டிய இலற்றிக்கமிலத்தையும்கூட உண்ணும். நீரிழிவு மருந்தான மெற்போமின் கலத்தின் சக்தி ஆக்கத்தைத் தடுப்பதாற் புற்றையும் தடுக்கும் என்று பலர் நம்பினர். மார்புப் புற்றுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய பெரும் பரிசோதனையின் முடிவு 2022இல் வந்தது. நீரிழிவு இல்லாத அப்பெண்களுக்கு நோய் மீள்வதை அது குறைக்கவில்லை. மிகையான சீனியும் அதனாற் பெருக்கும் உடலும் நல்லவையென்று நாம் கூறவரவில்லை. உடற்கொழுப்பு மிகுதி பதின்மூன்று வகைப் புற்றுகளோடு தொடர்புடையது என உலகச் சுகாதார தாபனத்தைச் சேர்ந்த ஆய்வு நிலையம் 2016இல் அறிவித்தது. அது நோய் வராதிருக்க உதவும் அறிவுரை. வந்த நோயைப் பட்டினியாற் கொல்லலாம் என்பது வேறு.

வந்தவனின் நிலையைக் கோரி இணையர் கண்ட இன்னொரு வழி நன்கு விளக்கும். கட்டி கொட்டும் இலற்றிக்கமிலம் குருதி வழியே ஈரலை அடைகின்றது. ஈரல் அதனை மீண்டும் சீனியாக்குகின்றது. அதற்கு ஆறு நாணயம் செலவு. கட்டி அச்சீனியை வாங்கி நொதித்து இரண்டு நாணயம் பெறுகின்றது. இடையிலுள்ள நான்கும் நோயாளியின் உடலிலிருந்து போகின்றன. சுரண்டல் என்ற சொல் நம்மிற் பலரின் நாவிலே எழும். உவமையை அதற்குமேல் இழுக்காதிருப்போம். புற்றுநோயாளி மெலிவதற்கு இது ஒரு காரணம் மட்டுமே. பசியின்மையும் உடலின் அழற்சியும் தசையைக் கரைக்கின்றன. மெலிந்தவரின் உடல் மருந்தைத் தாங்குவதும் கடினம். ஆதலால் வைத்தியர்கள் நோயாளியின் நிறையை வாரந்தோறும் குறிக்கின்றனர். கஞ்சியோ முட்டையோ பாலோ, வாய்க்குப் பிடித்ததைச் சிறிது சிறிதாகக் கொடுக்கச் சொல்கின்றனர். அந்தத் தேநீரிலே கரண்டிச் சீனியிட்டுக் கொடுப்பதையும் அவர்கள் தடுப்பதில்லை.